கோவையில் கைத்திறன் வளர்ந்த கதை



கோடை விடுமுறையில் கிராமத்துக்குச் செல்லும் நம்மில் பலர் கிணற்றுமேட்டில் ஓடும் பம்பு செட்டைக் கண்டிருப்போம். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பீறிட்டு வரும். குளிப்போம், துணி துவைப்போம், வீடு திரும்புவோம். அந்த மோட்டாரின்மேல் பொருத்தியிருக்கும் சிறு தகட்டை நம்மில் எத்தனை பேர் குனிந்து படித்திருக்கிறோம்? தமிழகத்தில் மட்டுமல்ல, ஆந்திரத்திலும் கருநாடகத்திலும்கூட அத்தகட்டில் 'கோயம்புத்தூர்' என்று பொறித்திருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

சமூக அறிவியல் வகுப்பில் ஒரு நாள் எங்கள் ஆசிரியை கேட்டார்: "கோவையில் இரும்புச் சுரங்கம் உண்டா?" இல்லை என்றோம். "நிலக்கரி?" அதுவும் இல்லை. "கப்பல் வந்து நிற்கும் துறைமுகம்?" கடலே இல்லையே! "அப்படியானால் இரும்பால் செய்யும் பம்புத் தொழில் இங்கே எவ்வாறு வேரூன்றியது?" வகுப்பில் ஓசையே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "ஆள் இருந்தாங்க டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆசிரியை சிரிக்கவில்லை. "சரியான விடை. ஆனால் அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? லேத் ஓட்டக் கற்றுக்கொண்டா பிறந்தார்கள்?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

அக்கேள்விக்கு விடை தேடி இவ்வாண்டு நாங்கள் பழைய நூல்களைப் புரட்டினோம், பெரியவர்களைக் கேட்டோம், ஆசிரியையுடன் சில பட்டறைகளுக்கும் சென்றோம். கண்டதையும் கேட்டதையும் இங்கே தருகிறோம்.

கோவை வட்டாரத்தில் கரிசல் மண் உண்டு, பருத்தி விளையும். பருத்தி இருக்கும் இடம் தேடி ஆலை வந்தது. 1888 இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் இங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். அதன்பின் வேறு சில ஆலைகள் எழுந்தன. 1932 இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகு ஆலைகள் விறுவிறுவெனப் பெருகின. அவற்றின் உள்ளே ஓடிய இயந்திரங்களோ கடல் கடந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் என்ன செய்வது? சீமைக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை முதலாளிக்கு நட்டம், தொழிலாளிக்குக் கூலி இல்லை. ஆகவே உடைந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளூர்ப் பட்டறைக்கு ஓடினார்கள். "இதைப் போல ஒன்று வேண்டும்" என்பதே அன்றைய வரைபடம்! 1939 முதல் 1945 வரை உலகப் போர் நடந்தபோது கப்பல் வரத்துத் தடைப்பட்டது. உதிரிப் பாகங்களுக்கு உள்ளூர்ப் பட்டறையை விட்டால் வேறு வழி இல்லாமற் போயிற்று.

மற்றொரு பக்கம் விவசாயி. கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையைக் குடைந்து இறக்கிய ஆழக் கிணறுகள். அவற்றிலிருந்து கவலை கட்டித்தான் நீர் இறைத்தார்கள். எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தோற்பை மேலே வரும். பின்னோக்கி ஏற ஏறப் பை கீழே போகும். விடியுமுன்னே தொடங்கினால் வெயில் ஏறும் வரை இதே நடை. மின்சாரம் வந்ததும் கவலை போய் மோட்டார் வந்தது. அந்த மோட்டார் அடிக்கடி எரிந்துபோயிற்று. கிராமத்து மின்சாரத்தின் அழுத்தம் ஏறும், இறங்கும். வெளிநாட்டு மோட்டாருக்கு அப்பழக்கம் இல்லை.

எரிந்த மோட்டாரைப் பட்டறைக்காரர் எப்படிப் பிரித்தார் என்று ஒரு பெரியவர் எங்களுக்கு விளக்கினார். கருகிய கம்பியை வெட்டி எறிந்துவிடக் கூடாதாம். ஒரு சுருளை மட்டும் பத்திரமாக வெளியே எடுத்து, அதில் எத்தனை சுற்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கம்பியின் கனத்தை அளக்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் புகுந்து எந்தப் பள்ளத்தில் வெளிவருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்படியே புதுக் கம்பியைச் சுற்றினால் மோட்டார் பழையபடி ஓடும். நூறு மோட்டாருக்கு இப்படிச் செய்தவனுக்கு நூற்றோராவது மோட்டாரைத் தானே செய்து பார்க்கத் தோன்றாதா? எந்த மோட்டார் எந்த இடத்தில் எரிகிறது, அங்கே கம்பி சற்றுக் கனமாக இருந்தால் தாங்குமா என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. செய்தவனுக்குத் தெரியாத குறை பழுது பார்த்தவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கேள்விக்குக் கிடைத்த முதல் விடை இது. கோவையில் பழுது பார்ப்பது முதலில் வந்தது. தயாரிப்பது அதன் பின்னால் வந்தது.

இனி நாங்கள் பார்த்த பட்டறைகளுக்குப் போவோம்.

முதலில் சென்றது பவுண்டரி, அதாவது வார்ப்படப் பட்டறை. உள்ளே நுழைந்ததும் ஒரு தச்சர் அமர்ந்து மரம் இழைத்துக்கொண்டிருந்தார். இரும்புப் பட்டறையில் தச்சருக்கு என்ன வேலை என்று வியந்தோம். வார்க்க வேண்டிய உருவை முதலில் மரத்தில் செய்பவர் அவர்தாம். அம்மர உருவுக்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மணலில் பதித்து எடுத்தால் அதே வடிவில் பள்ளம் விழும். அதில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். தச்சர் கையிலிருந்த அளவுகோலை எங்கள் தோழி ஒருத்தி தன் அளவுகோலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை! அவருடைய ஓர் அடி நம்முடைய அடியைவிடச் சற்று நீளமாக இருந்தது. "உங்க ஸ்கேல் தப்பா இருக்குங்க ஐயா" என்றாள். அவர் கோபிக்கவில்லை. "உருகின இரும்பு ஆறையில சுருங்கும் கண்ணு. அடிக்கு அரைக்கால் அங்குலம். அதனால எங்க ஸ்கேல்லயே அந்த அரைக்காலைச் சேத்தி அடிச்சிருக்கும்" என்றார்.

பொருள்கள் வெப்பத்தால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள் எல்லோரும். அந்த இரண்டு மதிப்பெண் ஒரு மனிதரின் கையில் அளவுகோலாக இருக்கும் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

அடுத்து மோல்டர். மணலில் அச்சு அமைப்பவர். அவர் மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கினார், விரல்களைத் திறந்தார், கட்டியை இரண்டாக ஒடித்தார். ஒடிந்த விளிம்பு உதிராமல் கூராக நின்றால் ஈரம் சரி. பொலபொலவென உதிர்ந்தால் ஈரம் போதாது. உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் மிகுதி. மிகுதியானால் என்ன? ஊற்றும் இரும்பின் சூடு 1300 டிகிரிக்கும் மேல். அது பட்டதும் ஈரம் நீராவியாகும். நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் இரும்புக்குள்ளேயே பொத்தலாகத் தங்கிவிடும். பார்வைக்கு வார்ப்பு நன்றாயிருக்கும். கடைசலுக்குப் போன பிறகுதான் குறை வெளிப்படும். அதற்குள் செலவிட்ட கரியும் கூலியும் வீண். ஈரத்தை அளக்கக் கருவிகள் உண்டு. அப்பட்டறையிலும் ஒன்று இருந்தது. ஆயினும் அவர் கை முந்திக்கொள்கிறது. நாங்களும் ஆளுக்கு ஒரு பிடி மணலை இறுக்கிப் பார்த்தோம். எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. "எத்தனை நாளில் தெரியும்?" என்று கேட்டோம். "நாள் கணக்கு இல்லீங்க, எத்தனை வார்ப்புக் கெட்டுதுங்கற கணக்குத்தான்" என்றார்.

மூன்றாவதாகச் சென்ற லேத் பட்டறை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை வேலை செய்யும் இடம். அவர் டர்னர். பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரைக் கடைந்துகொண்டிருந்தார். வார்ப்பிரும்பைக் கடைந்தால் தூளாக உதிர்கிறது; எஃகைக் கடைந்தால் சுருள் சுருளாக வருகிறது. சுருள் நீலம் பாய்ந்தால் சூடு ஏறிவிட்டது என்று பொருளாம். ஆனால் அவர் பெரும்பாலும் சுருளைப் பார்க்கவில்லை. எங்களுடன் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று திரும்பிக் கைப்பிடியைச் சிறிது பின்வாங்கினார். என்னவென்று கேட்டோம். "சத்தம் மாறுச்சே, கேக்கலையா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னார். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் கருவி அது. மூவர் அளந்தோம், மூன்று விடை வந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரியவேண்டுமாம்.

அவர் பதினான்கு வயதில் பட்டறைக்கு வந்தவர். முதல் ஆறு மாதம் பெருக்குவது, தேநீர் வாங்கி வருவது, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது. மற்ற நேரமெல்லாம் மேஸ்திரியின் பின்னால் நின்று பார்ப்பது. கண் பார்த்ததைக் கை செய்யும் என்பார்களே, அதுதான் அங்கே பாடத்திட்டம். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மேஸ்திரி சாப்பிடப் போகையில், "நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றிய பெருமிதம் எங்களுக்கு நினைவிருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்த வயதில் அவர் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவர். அவருடைய திறமையை வியக்கும் நாம், அது கிடைத்த விதத்தையும் சேர்த்துப் போற்றிவிடலாகாது.

இவ்விடத்தில்தான் கோவையின் வரலாற்றில் ஒரு பெரிய வழக்கு எழுகிறது. கைத்திறனைக் கற்பிக்கும் இடம் பட்டறையா, பள்ளியா?

பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926 இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, அதன்கீழ் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தையும் தொடங்கினர். பயிற்சியோடு விற்பனைக்குரிய பொருள்களும் அங்கே உருவாயின. 1951 இல் அதே வளாகத்தில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. டாக்டர் ஜி.ஆர். தாமோதரன் அதன் முதல் முதல்வர். வகுப்பறைக்குப் பக்கத்திலேயே வார்ப்படமும் லேத்தும் ஓடும் கல்லூரி! சில காலம் படிப்பு, சில காலம் பட்டறை என்று மாறி மாறிப் பயிலும் 'சாண்ட்விச்' படிப்பும் அங்கே வந்தது. பெயரைக் கேட்டு எங்கள் வகுப்பில் சிரிப்பு எழுந்தது உண்மையே.

மற்றொருவர் ஜி.டி. நாயுடு. 1893 இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த இவருக்குப் பள்ளிப் படிப்பு சிறிதும் பிடிக்கவில்லை. இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதைப் போன்ற வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். 1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டார், நம் நாட்டில் முதன்முதல் செய்யப்பட்டவற்றுள் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இத்தகையவரின் முயற்சியால் 1945 இல் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி அமைந்தது. அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரைத் தாங்கிய அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. அங்கே தலைமைப் பொறுப்பேற்ற நாயுடு, நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடினார். ஆங்கிலேய அரசு ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

யார் சொன்னது சரி? எங்கள் வகுப்பில் இதைப் பட்டிமன்றமாகவே நடத்தினோம். நாயுடுவின் பக்கம் பேசியவர்களுக்கே கைதட்டல் மிகுதி. படிப்புக் காலத்தைக் குறைக்கலாம் என்றால் யார்தாம் கைதட்டமாட்டார்கள்! எங்களுக்குத் தோன்றுவது இது. தச்சரின் அளவுகோலில் இருக்கும் அரைக்கால் அங்குலத்தை எழுதிக் கொடுக்கலாம்; பத்து நிமிடத்தில் புரியவும் வைக்கலாம். மணலின் ஈரத்தையும் லேத்தின் ஓசையையும் எழுதிக் கொடுக்க முடியாது. அதற்கு நான்கு ஆண்டு வகுப்பறை போதாது. இரண்டு ஆண்டு வகுப்பறையும் போதாது. அருகே நின்றாக வேண்டும். ஆனால் பட்டறையிலேயே இருந்தவருக்கு ஏன் சுருங்குகிறது, எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் ஏன் வேறு கணக்கு என்று கேட்கத் தோன்றினால் விடை சொல்ல ஆள் வேண்டாமா? புதிய உலோகம் வரும் நாளில் பழைய பழக்கம் மட்டும் கைகொடுக்காது. கோவையின் நற்பேறு, இரண்டும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே மதில் சுவருக்குள் இருந்ததுதான். 1961 இல் மத்திய அரசு தொழில் பழகுநர் சட்டத்தைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட தொழில்களில் பழகுநர்களை ஏற்று, உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கத் தொழிற்சாலைகளைக் கடமைப்படுத்திய சட்டம் அது. கோவையில் முன்பே இருந்த பழக்கத்துக்கு அது ஓர் ஏட்டையும் சான்றிதழையும் கொடுத்தது என்று சொல்லலாம்.

திறமை எப்படிப் பரவியது என்பதும் சுவையான செய்தி. ஒரு பட்டறையில் பத்து ஆண்டு உழைத்த டர்னர், ஒரு பழைய லேத்தைக் கடனுக்கு வாங்கி, வீட்டுக்கு முன்னால் ஓட்டுக் கொட்டகை போட்டுத் தானே தொழில் தொடங்குவார். பழைய முதலாளியே அவருக்கு வேலை அனுப்புவார். இதற்கு 'ஜாப் ஒர்க்' என்று பெயர். ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைவார், ஒருவர் துளையிடுவார், ஒருவர் பூட்டுவார். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு வீதிகளில் இப்படித்தான் வீட்டுக்கு வீடு லேத் ஓசை எழுந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர் புதிதாக ஒரு வெட்டுளியைச் செய்தால் மறுவாரம் தெருவுக்கே தெரிந்துவிடும். இச்சிறு தொழிலதிபர்கள் 1969 இல் கொடிசியா என்னும் சங்கத்தை அமைத்தனர். பெரிய ஆலைகளும் பின்தங்கவில்லை. 1962 இல் தொடங்கிய லட்சுமி மிஷின் ஒர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நூற்பு இயந்திரங்களையே இங்கே செய்தது. உடைந்த பல்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் அல்லவா!

நம் வீட்டுக் கிரைண்டரும் இத்திறமையின் குழந்தைதான். 1955 இல் கோவையைச் சேர்ந்த சபாபதி என்பவர் மின்மோட்டாரால் ஓடும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார் என்பர். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இட்லி சாப்பிடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நாங்கள் சொன்னவற்றில் ஒரு பெண்ணாவது வந்தாளா? எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே அது உறைத்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்றுதான் திறமை கைமாறியிருக்கிறது. உறவும் ஊரும் வழியாகப் பரவியதால் விரைவாகப் பரவியது. அதே காரணத்தால் அவ்வழியில் இல்லாதவர்களுக்கு எட்டாமலும் போயிற்று. மேஸ்திரியின் பின்னால் நின்று பார்க்க எந்தச் சிறுமியை அனுப்பினார்கள்?

ஆனால் பட்டறையில் பெண்களே இல்லை என்று எண்ண வேண்டா. லேத் பட்டறைக்கு எதிர்ப்புறம் மோட்டார் சுற்றும் பிரிவு. அங்கே பெரும்பாலோர் பெண்கள். எங்கள் தோழியின் தாயார் அங்கேதான் இருந்தார். ஸ்டேட்டர் எனப்படும் வளையத்தின் உட்புறம் 24 பள்ளங்கள். மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த அவ்வளையத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் காப்புத் தாளைச் செருகி, செப்புக் கம்பிச் சுருளைச் சிறிது சிறிதாக விரலால் வழிந்துவிட வேண்டும். இழுத்தால் கம்பி நீளும்; கனம் குறையும். அழுத்தினால் தகட்டின் விளிம்பு பட்டுக் கம்பியின் மேற்பூச்சு உரியும். நகக்கீறல் அளவு உரிந்தாலும் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். அந்த இடம் சூடாகி, வாங்கியவன் கிணற்றில் ஒரு நாள் மோட்டார் புகையும். அவர் பேசிக்கொண்டே சுற்றினார், விரல் நிற்கவில்லை. ஒரு சுருளை எடுத்துப் பார்க்காமலே, "இதுல ரெண்டு சுத்துக் கம்மி" என்று தள்ளி வைத்தார். நாங்கள் எண்ணிப் பார்த்தோம். இரண்டு குறைவுதான்!

பத்தொன்பது ஆண்டுகளாக அவர் இவ்வேலை செய்கிறார். இதற்கு முன் வேலை பார்த்த ஓரிடத்தில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'ஹெல்பர்' என்றே எழுதியிருந்தார்களாம். அவரிடம் பழகிய இரண்டு பையன்கள் மேற்பார்வையாளராகி வேறு ஆலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. "எனக்கு வேலை தெரியும். தெரியும்னு எழுதின காகிதம்தான் இல்ல" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் பெண்கள் லேத்துக்கு வரவில்லை என்று டர்னர் ஐயாவைக் கேட்டோம். பாரம் தூக்க வேண்டும் என்றார். சேலையும் கூந்தலும் சுழலும் இயந்திரத்துக்கு ஆகாது என்றார். இரவு ஷிப்ட் உண்டு என்றார். மூன்றையும் ஆராய்ந்தோம். பாரம் தூக்கக் கிரேன் வந்துவிட்டது. கணினி ஆணைப்படி ஓடும் சி.என்.சி. இயந்திரங்களில் கதவை மூடிய பிறகே வெட்டு நடக்கிறது. உடைக்குச் சீருடையும் தொப்பியும் உண்டு. மூன்றாவதே உண்மையான தடையாக இருந்தது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்திருந்தது. பாதுகாப்புக்காக வந்த விதிதான். ஆனால் எல்லா ஷிப்டிலும் வர இயலாதவரை எந்த முதலாளி பழகுநராக எடுத்துக்கொள்வார்? 2000 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அழைத்துச் சென்று வீடு சேர்க்கும் வண்டி, தனி ஓய்வறை, கூட்டமாகப் பணிபுரிவது போன்ற பாதுகாப்புகள் வேண்டும் என்றும் கூறியது. பெற்றோர் ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் இவற்றைக் கேட்பது நலம்.

வகுப்பறைக் கதவு இதற்கு முன்பே திறந்துவிட்டது. 1940-களின் தொடக்கத்தில் சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அ. லலிதா, பி.கே. த்ரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற மூவர் படித்தனர். லலிதா பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். மின் பொறியியல் பயின்று மின்கடத்தித் திட்டங்களில் பணியாற்றினார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். பட்டம் பெறப் பெண்களுக்கு வழி கிடைத்து இத்தனை காலம் கழிந்தும், பட்டறையின் உளியும் மைக்ரோமீட்டரும் எட்டாதிருந்தது வியப்புக்குரியது.

சி.என்.சி. வந்தபின் பழைய காது தேவைப்படாதோ என்றும் கேட்டுப் பார்த்தோம். டர்னர் ஐயா தலையை ஆட்டினார். கணினிக்கு எண்களைக் கொடுப்பவர், உளி மழுங்கினால் என்ன ஆகும் என்று அறியாதவராயின் நல்ல இரும்பைக் குப்பையாக்கிவிடுவார் என்றார். அவரைப் போல முப்பது ஆண்டு நின்றவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பின்னால் நிற்கப் பையன்களே கிடைப்பதில்லை. கணினி நிறுவனங்களுக்கும் வண்டி ஓட்டவும் போய்விடுகிறார்கள் என்று ஒவ்வொரு பட்டறையிலும் இதே குறை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தோழி, திரும்பி வரும் வழியில், தான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ படிக்கப் போவதாகச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2022 இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் சென்ற மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்பட்டது. பட்டப்படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ. படிப்புக்கும் அது பொருந்தியது. 2024 இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் அதை விரிவாக்கினர். இவற்றையெல்லாம் சேகரித்து அவளிடம் கொடுத்தோம்.

அவள் தாயார் உடனே ஒப்பினார். தந்தைதான் தயங்கினார். "ரெண்டு பேர் கையில எண்ணெய்க் கறை போதாதா? நீயாவது வெள்ளைத்துணி உடுத்தி உக்காந்து வேலை பார்க்கக் கூடாதா?" என்று கேட்டாராம். அது அன்பினால் வந்த பேச்சு என்று எங்களுக்குத் தெரியும். தோழி மறுவார்த்தை பேசாமல், எங்கள் மைக்ரோமீட்டர்க் கதையை, மூவர் மூன்று விடை சொன்னதை, மறுபடியும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "நாலாவதா நான் அளந்தேனே, அது சரியா வந்துச்சே அப்பா" என்றும் சொல்லியிருக்கிறாள். உண்மைதான், அவள் அளந்தது சரியாக இருந்தது. நாங்கள் அதை எழுத மறந்துவிட்டோம்.

இரண்டு நாள் அவர் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "பரீட்சை முடிஞ்சதும் ஒரு வாரம் பட்டறைக்கு வரட்டும். வந்து பின்னால நின்னு பாக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்று தாயாரிடம் சொன்னாராம்.